தலை தெரியாத மான்

என் அக்கா மகள் வித்யாவுக்குப் பார்த்திருந்த பையன் சரவணன், நியூசிலாந்தில் ஆக்லாந்திலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். பையன் நன்றாகத்தான் இருந்தான். கையில் துப்பாக்கி இருந்தது.

அன்று அக்கா வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பையனைப் பெற்றவர்கள் மதுரையில் இருந்தார்கள். போய்க் கேட்டதற்கு, "அங்க லீவு நாள்ல மான் வேட்டைக்குப் போவாங்களாம். இவனும் புதுசாக் கத்துக்கிறான்" என்று, ஏதோ டைப்ரைட்டிங் கிளாஸ் மாதிரி சொல்லிவிட்டார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"தம்பி, படிப்பு, வேலை, ஜாதகம் எல்லாம் பாத்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு. ஆனா துப்பாக்கி வச்சிருக்கிறவனுக்குக் கோவம் வருமா, அவசரப்புத்தி உண்டா, அது ரெண்டையும் நேர்ல பாத்துட்டு வந்து சொல்லு. நீ தாய்மாமன். நீ சரின்னா சரி, வேண்டாம்னா இத்தோட விட்டுருவோம்."

நான் திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருப்பவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு உறவு முடிந்துவிட்டது. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வீட்டுக்குப் போனதும், இழுத்துப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். இப்படிப்பட்ட ஆளைத்தான், கையில் கோயில் சிவப்புக் கயிறு கட்டி, துப்பாக்கிக்காரனை விசாரித்து வர விமானம் ஏற்றினார்கள். தொண்ணூற்றாறாம் வருஷம், ஈஸ்டர் லீவு சமயம்.

ஆக்லாந்தில் இறங்கும்போது தின்பண்டம் எது இருந்தாலும் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் அபராதம் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்லி வைத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முறுக்கு, பருப்புப்பொடி, சுக்கு, விபூதி, இருமல் மாத்திரை, செருப்பில் ஒட்டியிருந்த மண். கேட்காததையும் சொன்னேன். சோதனை செய்த அம்மாள் என் செருப்பை வாங்கிக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் என் செருப்பைக் கழுவியதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. மாங்காய் வடிவத்தில் எங்கள் ஊரில் செய்கிற மாங்காய்ப் பூட்டு ஒன்று பெட்டியில் இருந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரிசு என்றேன். யாருக்கு என்றார். பையன் தேறினால்தான் அவனுக்கு, இல்லாவிட்டால் ஊருக்கே திரும்பிப் போய்விடும் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

வெளியே சரவணன் நின்றிருந்தான். ஒல்லியான பையன். கையில் துப்பாக்கி இல்லை.

"வாங்க மாமா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். "வாங்க மாப்ளை" என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "நல்லாருக்கீங்களா தம்பி" என்றேன். முடிவு தெரிகிற வரைக்கும் தம்பிதான் என்று வரும்போதே தீர்மானம் செய்திருந்தேன்.

அவன் குடியிருந்தது அதே ஊரில் சான்ட்ரிங்ஹாம் என்கிற பகுதியில், கடைத்தெருவிலிருந்து இரண்டு வீடு தள்ளி. குளியலறையில் கைப்பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் பால் கேன் ஒன்று கழுவித் தண்ணீர் நிரப்பி, கக்கூஸ் பக்கத்தில் வைத்திருந்தான். அந்த ஊரில் அந்த இடத்தில் காகிதம்தான். கேன் எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மனசுக்குள் அவனுக்கு ஒரு மார்க் போட்டேன்.

அப்புறம் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றேன். தரையோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. தொழில் பழக்கத்தில் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தேன். நல்ல பூட்டு. தெருவில் பாதி வீட்டுக் கதவு சும்மா சாத்திக் கிடக்கிற ஊரில் நான் பார்த்த முதல் மரியாதையான பூட்டு அதுதான்.

"உள்ள பாதிதான் இருக்கு மாமா. போல்ட்டைக் கழட்டி வேற இடத்துல பூட்டி வச்சிருக்கேன். அது இல்லாம சுடாது."

"சாவி எங்க வைப்பீங்க தம்பி?"

"அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது மாமா."

"நான் ஊர்லேருந்து வந்திருக்கேன்."

"ஆமா மாமா. இருந்தாலும் சொல்லக் கூடாது."

கோபித்துக்கொள்வதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. லைசென்ஸை யாரிடம் கேட்டு வாங்கினீர்கள் என்றேன். பரீட்சை எழுதினானாம். அப்புறம் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து, குடிப்பாயா, எவ்வளவு குடிப்பாய், கோபம் வந்தால் என்ன செய்வாய், யாரோடாவது சண்டை உண்டா என்று கேட்டாராம். தெரிந்தவர்களிடம், பக்கத்து மளிகைக் கடைக்காரர் உட்பட, தனியாகப் போய் விசாரித்தாராம். அக்கா என்னிடம் சொல்லியனுப்பிய கேள்விகள் அத்தனையையும் ஒருவர் எனக்கு முன்னால் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். ஆனால் அவருக்கு என்ன, கொடுத்தது துப்பாக்கியைத்தான். நான் கொடுக்க வேண்டியது பெண்ணை.

அவர் யாரிடம் விசாரித்தாரோ அவரிடமே நானும் விசாரிப்பது என்று, தயிர் வாங்குகிற சாக்கில் மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஓம், தெரியும். நல்ல பெடியன்" என்றார்.

"கோவம் வருமா?"

"போன மாசம் நான் வண்டு விழுந்த அரிசியைக் குடுத்திட்டன். கொண்டு வந்து வைச்சிட்டு, வேற பை தாங்கோ எண்டான். ஒரு சத்தமில்லை. நானெண்டால் கடையைக் கொளுத்தியிருப்பன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சத்தமே போடாதவனைப் பற்றி எனக்கு வேறு ஒரு பயம் உண்டு. எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொள்கிற ஆளாக இருந்தால், என்றைக்காவது ஒருநாள் மொத்தமாக வெளியே வருமே? அதனால் அடுத்த நாள் அவன் வேட்டைக்குக் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். சொன்ன வாயை அப்போதே கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் ஏறினால் முன் சீட்டில் ஒரு பெண்பிள்ளை. பேர் டெபி. ஈஸ்ட் டாமாக்கியில் சரவணன் மெஷின் ஃபிட்டராக இருக்கிற அதே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். வயது நாற்பதுக்குள் இருக்கும். அவர்தான் இவனை வேட்டைக்கு இழுத்துவிட்ட ஆள். எனக்கு அக்கா ஞாபகம் வந்தது.

"இவங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று மெல்லக் கேட்டேன்.

சரவணன் அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டுத் தொலைத்தான். டெபி சிரித்தார். அவர் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கிச் சத்தம் ஆகாதாம். வீட்டில் இருந்துகொண்டு கறிக்குப் பாத்திரம் கழுவி வைப்பாராம். பார்க்காமலே அந்த மனுஷர் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

வழியெல்லாம் என் சந்தேகங்களை சரவணன் மொழிபெயர்த்தான். மானைச் சுட்டால் ஜெயில் இல்லையா? இல்லை, இந்த மானெல்லாம் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டு வந்து விட்டவை, காட்டைத் தின்று தீர்க்கின்றன, அரசாங்கமே சுடச் சொல்லி அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. புலி இருக்குமா? இல்லை. கரடி? இல்லை. பாம்பு? இந்த நாட்டிலேயே இல்லை. பாம்பு இல்லாத காடு என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு அந்தக் காட்டில் என்னதான் இருக்கும்?

"துப்பாக்கி வச்ச மனுஷங்க இருப்பாங்க" என்றார் டெபி. "பயப்படணும்னா அதுக்குத்தான் பயப்படணும்." சொல்லிவிட்டு, கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பியை எடுத்து என் மடியில் போட்டார். "இதைக் கழட்டவே கூடாது, மாமா." சரவணன் கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டார். போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் பழனிப் பாதயாத்திரைக்குப் புறப்பட்டவன் மாதிரி இருந்தது.

மத்தியானம் ஒரு பெரிய ஏரிக்கரை ஊரில் வண்டியை நிறுத்தினார்கள். துப்பாக்கி இருக்கிற வண்டியை ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாதாம். "நீங்க உள்ளயே இருங்க மாமா, வறுவல் வாங்கிட்டு வந்துர்றோம்" என்று இருவரும் போய்விட்டார்கள். நானும் துப்பாக்கியும் தனியாக இருந்தோம். போல்ட் சரவணன் சட்டைப்பையில்தான் இருந்தது. அது இல்லாமல் சுடாது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, முதுகுப் பக்கம் குறுகுறுவென்றது. கீழே இறங்கினேன். இறங்கியவன் சும்மா நிற்காமல், துப்பாக்கியை யாராவது எடுத்துப் போய்விட்டால் என்று நான்கு கதவையும் பூட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன். சாவி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

"பூட்டுக்கடை வச்சிருக்கீங்களே மாமா, திறந்துருவீங்கள்ல?" என்றான் சரவணன்.

"சாவி இருந்தாத் திறந்துருவேன் தம்பி."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வரும், இப்போது வரும் என்று. அவன் வறுவல் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினான். டெபி யார் வீட்டு வேலியிலிருந்தோ ஒரு கம்பியைக் கேட்டு வாங்கி வந்து கண்ணாடி இடுக்கில் விட்டு ஆட்டினார். கதவு திறந்தது. இவ்வளவு சுலபமாகத் திறக்கிற பூட்டை நான் கடையில் வைத்திருந்தால் ஜனங்கள் என் மேல் கல் எறிவார்கள்.

சாயங்காலம் டெபியின் சினேகிதி பண்ணையில் துப்பாக்கியைச் சரிபார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் புல் சமவெளி. அதன் விளிம்பில் மலை. தொலைவில் ஒரு காகிதத்தை ஒட்டி, படுத்துக்கொண்டு சுடுவது. ஒரு குண்டு சுட்டுவிட்டு, அது எங்கே பட்டது என்று பார்த்து, ஒரு திருகைத் துளி திருப்பி, மறுபடி ஒன்று. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் இருந்தேன். ஆடுகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேய்ந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை மலை ஏறினோம். ஏறினோம் என்பதை அவர்கள் இருவரும் நடந்தார்கள், நான் அங்கங்கே உட்கார்ந்தேன் என்று படிக்கவும். மேலே மரத்தால் கட்டிய ஒரு குடில். பூட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம். உள்ளே அடுக்குக் கட்டில், பின்னால் ஒரு குழிக் கக்கூஸ். அதில் ஒரு சுருள் காகிதம். நல்ல வேளையாக சான்ட்ரிங்ஹாமிலிருந்து அந்தப் பால் கேனை யாருக்கும் தெரியாமல் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தேன்.

வேட்டை என்றால் ஓடுவது, சுடுவது என்று நினைத்திருந்தேன். டெபி சொல்லிக் கொடுத்தது வேறு. காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் நம் வாசனை மானுக்குப் போய்விடும். நாலு எட்டு வைத்து நின்றுவிட வேண்டும். பைனாகுலரால் பார்க்க வேண்டும். துப்பாக்கியில் குறிபார்க்க இருக்கிற கண்ணாடியால் தேடவே கூடாது. அங்கே இருப்பது சிகா என்கிற ஜாதி மானாம். பழுப்பு உடம்பு, பின்பக்கம் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு.

"பழுப்பும் வெள்ளையும் தெரிஞ்சா அது மான் இல்ல" என்றார் டெபி. "தலை தெரியணும். கழுத்து, உடம்பு, கால் எல்லாம் சேர்த்துத் தெரியணும். தலை தெரியாம விரலை விசைக்கிட்ட கொண்டு போகாத."

அன்று முழுக்க மான் கிடைக்கவில்லை. ஒன்று வந்தது, எங்களைப் பார்க்குமுன்பே விசில் அடித்த மாதிரி கத்திவிட்டு ஓடிவிட்டது. டெபி மோப்பம் பிடித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசியில் என் நெற்றிக்கு வந்து நின்றார். காலையில் குளிருக்கு என்று நெற்றி, கழுத்து, மார்பு எல்லாம் தைலம் தேய்த்திருந்தேன். ஒரு பாட்டில் தீர்ந்திருந்தது.

"ஆக்லாந்து வரைக்கும் எல்லா மானுக்கும் சளி விட்டுருக்கும்" என்று டெபி சொன்னதை சரவணன் சிரிக்காமல் மொழிபெயர்த்தான். இதற்கும் கோபம் வரவில்லை. எனக்குக் கவலை கூடிக்கொண்டே போனது. நாளைக்கு வித்யா சாம்பாரில் உப்பைக் கொட்டினால் சிரிப்பான், பீரோ சாவியைத் தொலைத்தால் சிரிப்பான், சரி. என்றைக்குமே சிரிப்பானா? அக்காவிடம் என்ன சொல்வது?

படுக்கப் போகுமுன் சரவணன் சொன்னான். "மாமா, நாங்க விடியறதுக்கு முன்னாடியே மேல் பக்கம் போயிருவோம். நீங்க வெளிய வராதீங்க. வந்தே ஆகணும்னா தொப்பியைப் போட்டுக்கிட்டு இந்தக் கக்கூஸுக்கு மட்டும் போங்க."

"சரி தம்பி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விழித்தபோது அவர்கள் இல்லை. லேசாக வெளுத்துக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பியதிலிருந்து வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த என் வயிறு அன்றைக்குப் பார்த்து சமாதானத்துக்கு வந்தது. குழிக் கக்கூஸைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. பாம்பு இல்லை என்று சொன்னது அவர்கள்தானே, பாம்பு சொல்லவில்லையே? அவர்கள் போனது மேல் பக்கம். நாம் கீழ்ப் பக்கம் போனால் யாருக்கு என்ன தொந்தரவு? ஆரஞ்சுத் தொப்பி காதை மூடவில்லை. காதில் காற்று போனால் எனக்கு ஜுரம் வரும். அதை ஆணியில் மாட்டிவிட்டு மங்கி குல்லாயைப் போட்டுக்கொண்டேன். மேலே கம்பளிச் சால்வை. குல்லாயும் சால்வையும் நல்ல பழுப்பு நிறம். அழுக்குத் தெரியாது என்று அக்காதான் வாங்கிக் கொடுத்தாள். கையில் வெள்ளைப் பால் கேன்.

இடுப்பளவு பெரணிச் செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து இடம் தேடினேன். ஓர் இடம் சரியாக இல்லை என்று இன்னோர் இடத்துக்குப் போனேன். பின்னால் பிடித்திருந்த கேன் நடைக்கு ஆடியது. அப்புறம் உட்கார்ந்தேன். அவசரப்படுகிற விஷயம் இல்லை அது. கேனை இந்தப் பக்கம் வைத்தேன், சாய்கிறது என்று அந்தப் பக்கம் வைத்தேன். முருகனை நினைத்துக்கொண்டேன். பொழுது புலர்வதைப் பார்த்தேன். அழகாக இருந்தது.

நடந்த மற்றதெல்லாம் பிறகு அவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. மேல் பக்கம் காற்று திரும்பிவிட்டதால் சுற்றிக்கொண்டு கீழே வந்திருக்கிறார்கள். ஓடைக்கு அந்தக் கரையில் சரவணன் படுத்திருக்கிறான். பின்னால் மரத்தடியில் டெபி. அங்கிருந்து அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

சரவணன் கிசுகிசுத்தான்: "பழுப்பு அசையுது. வெள்ளையும் தெரியுது."

"தலை?"

"தெரியல."

"அப்போ காத்திரு."

பழுப்பு படுத்துக்கொண்டதாம். வெள்ளை இந்தப் பக்கம் தெரிந்து மறைந்து அந்தப் பக்கம் தெரிந்ததாம். முதல் மான். மாதக்கணக்கில் இதற்குத்தான் படித்து, பரீட்சை எழுதி, போலீஸ்காரருக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறான். அவன் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. துப்பாக்கி பக்கத்தில் தரையில் கிடந்தது. தலை தெரியவில்லை, தெரியவில்லை என்று காத்துக் கிடந்தான். என் வயிறு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதோ அவ்வளவு நேரமும் காத்துக் கிடந்தான்.

கடைசியில் வெள்ளை மட்டும் தனியாக மேலே எழும்பியது. பக்கத்தில் ஒரு கை. கையில் சிவப்புக் கயிறு.

"மாமா!"

மலை முழுக்க எதிரொலித்தது அந்தக் கூச்சல். நான் கேனைப் போட்டுவிட்டு எழுந்தேன். அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால், நிஜமாகவே கொம்பு வைத்த ஒரு பெரிய ஆண் மான் பெரணியைப் பிளந்துகொண்டு குதித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காட்டுக்குள் போய்விட்டது. இவ்வளவு நேரமும் அதுவும் என்னோடுதான் இருந்திருக்கிறது.

சரவணன் ஓடை என்றும் பாராமல் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தான். துப்பாக்கியை டெபியிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"அறிவிருக்கா மாமா உங்களுக்கு? தொப்பி எங்க? தொப்பி எங்கன்னு கேக்குறேன்! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! என் இடத்துல வேற எவனாவது இருந்தா இப்போ நான் வித்யா வீட்டுக்கு என்னன்னு போன் பண்றது? வயசுல பெரியவர் பண்ற வேலையா இது?"

என் கடையில் வேலை செய்கிறவர்கள்கூட என்னை அப்படிப் பேசியதில்லை. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றேன். அவன் திட்டத் திட்ட, ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று மெல்ல இறங்கிப் போனது. திட்டி முடித்ததும் அப்படியே பெரணியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"மன்னிச்சுருங்க மாமா. ஏதோ பேசிட்டேன்."

"பரவாயில்ல மாப்ளை" என்றேன். "மொதல்ல அந்தக் கேனை எடுத்துக் குடுங்க. இன்னும் வேலை முடியல."

டெபி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்து ஏதோ சொன்னார். சரவணன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். குடிலுக்குப் போனதும் ஆணியிலிருந்த ஆரஞ்சுத் தொப்பியை எடுத்து, மங்கி குல்லாய்க்கு மேலேயே அமுக்கி மாட்டிவிட்டார். ஆக்லாந்து வந்து சேரும் வரை நான் அதைக் கழற்றவில்லை.

திங்கட்கிழமை சான்ட்ரிங்ஹாமில் மாங்காய்ப் பூட்டைக் கொடுத்தேன். துப்பாக்கிப் பெட்டிக்கு இரண்டாவது பூட்டாகப் போட்டுக்கொண்டான். சாவி எங்கே வைப்பான் என்று நான் கேட்கவில்லை. அப்புறம் யாழ்ப்பாணத்தார் கடையில் போன் கார்டு வாங்கி அக்காவைக் கூப்பிட்டேன்.

"கோவம் வருமா?" என்றாள் எடுத்ததும்.

"வரும்."

"ஐயோ!" என்றாள்.

"வரவேண்டிய இடத்துல வரும். வந்துட்டு உடனே போயிரும்."

"அவசரம்?"

"அது கிடையவே கிடையாது. முகூர்த்தம் பாருக்கா."

அவள் மூச்சு விடுவது திண்டுக்கல்லிலிருந்து கேட்டது. கொஞ்சம் தெம்பு வந்ததும் ஊர்க்கதை கேட்க ஆரம்பித்தாள். மலைக்குப் போய் வந்ததைச் சொன்னேன். "ரெண்டு பேரும் வேட்டைக்குப் போனீங்களே, மான் கெடச்சுதா?"

"கிட்ட வரைக்கும் வந்துச்சு. தலை தெரியாமச் சுட மாட்டேன்னுட்டாரு."

"பாவம், அதுவும் ஒரு உசுருதானே. தப்பிச்சுப் போகட்டும்."

"ஆமாக்கா" என்றேன். "தப்பிச்சுருச்சு."